ஊசி எட்டாத வீடுகளை எட்டுவது எப்படி? களத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளை. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கான டேலி ஷீட்டில், அதாவது யாருக்குப் போட்டோம், யார் விடுபட்டார்கள் என்று குறிக்கும் தாளில், அந்தச் சூளைக்கு நேராக விடுபட்ட 11 குழந்தைகள். பதினொரு பேருக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது: "பெற்றோர் மறுப்பு". தன்னார்வலராகக் கூடப் போயிருந்த எனக்கு அது இடித்தது. ஒரே இடத்தில் பதினொரு பேரும் எப்படி மறுப்பார்கள்?

விசாரித்தபோது தெரிந்தது இதுதான். குழு போனது பகல் 12 மணிக்கு. கல் அறுப்பவர்கள் இரவு 2 மணிக்கே எழுந்து, வெயில் ஏறும்வரை வேலை பார்த்துவிட்டு, சோறாக்கிச் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். கதவைத் தட்டியதும் ஒரு பெண் படுத்தபடியே கையை ஆட்டி ஒடியாவில் ஏதோ சொல்லியிருக்கிறாள். அது "மறுப்பு" ஆகிவிட்டது. பக்கத்துக் குடிசைகளைத் தட்டக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து மாலை 5 மணிக்கு மறுபடி போனோம். 9 குழந்தைகள் போட்டுக்கொண்டார்கள். ஒரு குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. உண்மையில் வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு வீடு.

இந்த வழிகாட்டி முழுக்க, மறுக்காமலேயே "மறுப்பு" என்று எழுதப்பட்ட அப்படிப்பட்ட வீடுகளைப் பற்றியதுதான். ஊசி போடாதவர்கள் என்றதும் நமக்கு வாட்ஸ்அப் வதந்திக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதும் கீழே வரும். ஆனால் நம் நேரமும் இடமும் மொழியும் ஒத்துவராததால் விடுபட்டவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது, எல்லாரையும் எதிர்ப்பாளர் கணக்கில் எழுதுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் வசதி.

முதல் படி: சதவீதத்தை உடைத்துப் பாருங்கள்

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா ஊசியும் போட்டவர்கள் 2005-06-ல் 80.9 சதவீதம். 2015-16-ல் அது 69.7-க்கு இறங்கியது. 2019-21-ல் 89.2-க்கு ஏறியது. தடுப்பூசியில் முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலத்திலேயே இப்படி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பிறகு மாநில எண்ணை மறந்துவிட்டு உங்கள் பகுதிக்கு வாருங்கள்.

ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் சுமார் 5,000 பேர். வருடத்துக்கு 70 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் போட்டாயிற்று என்றால் அறிக்கை அழகாக இருக்கும். விடுபட்டவர்கள் மூன்று நான்கு பேர்தான். ஐந்து வருடம் சேர்ந்தால் 17, 18 பேர். இவர்கள் ஊர் முழுக்கச் சிதறி இருந்தால் பெரிய கவலை இல்லை. ஆனால் அப்படி இருப்பதில்லை. அதே பதினெட்டு பேரும் ஒரே காலனியில், ஒரே சூளையில், ஏரிக்கரைக் கூடாரங்களில் இருப்பார்கள். தட்டம்மை பிடித்த ஒருவர், எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடியவர். அது மாவட்டச் சராசரியைப் பார்த்துப் பரவாது.

அதனால் முதல் வேலை, ஒரு ஊசிகூடப் போடாத குழந்தைகளைக் கண்டுபிடிப்பது. நடைமுறையில் ஆறாவது வாரத்தில் போடவேண்டிய முதல் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) ஊசியைப் போடாதவர்களைத்தான் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். பிறந்தவுடன் மருத்துவமனையில் காசநோய்க்கான பி.சி.ஜி. போட்டிருக்கலாம். அதன்பின் வரவே இல்லை என்றால் அந்தக் குழந்தைக்கும் நமக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

எங்கே தேடுவது? கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் அரசின் பிக்மி பதிவு, அங்கன்வாடிக் கணக்கு, பிறப்புப் பதிவேடு, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாத பெயர்களைத் தனியே எழுதுங்கள். ஆனால் மூன்றிலும் இல்லாதவர்கள் காகிதத்தில் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்காக நடக்கத்தான் வேண்டும். ஊரின் வரைபடத்தை ஒரு சார்ட்டில் கையால் வரைந்துகொண்டு எல்லையோரமாகச் சுற்றி வாருங்கள். இரண்டு பஞ்சாயத்து சந்திக்கும் இடம், தண்டவாளத்தை ஒட்டிய குடிசை, புதிதாக எழும் கட்டடத்தின் தகரக் கொட்டகை, பாசிமணி விற்பவர்களின் குடியிருப்பு, கோழிப்பண்ணை, தோப்புக்குள் காவல் இருக்கும் குடும்பம், எல்லாம் அங்கேதான் இருக்கும். "அது உங்க ஏரியாவா, எங்க ஏரியாவா" என்று இரண்டு செவிலியர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் இடம்தான் பெரும்பாலும் உங்கள் முதல் இலக்கு.

வசதியான அடுக்குமாடிகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கதவைத் திறக்க வைப்பதைவிடக் கேட்டைத் தாண்டுவது கஷ்டம். "எங்க டாக்டர்கிட்ட போட்டுக்குறோம்" என்பார்கள். பாதிப்பேர் உண்மையிலேயே போட்டிருப்பார்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இயற்கை வாழ்வு என்ற பெயரில் ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்த படித்த பெற்றோர் இருப்பதும் இங்கேதான்.

இரண்டாம் படி: "மறுப்பு" என்ற சொல்லை ஒரு வாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்

போலியோ ஒழிப்பில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் உருவான ஒரு பழக்கம் இங்கே கைகொடுக்கும். சொட்டு மருந்து கொடுத்து முடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் "பி" என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை விடுபட்டாலும் "எக்ஸ்". ஆனால் எக்ஸ் போடுவதோடு விட மாட்டார்கள். வீடு பூட்டியிருந்ததா, குழந்தை வெளியூரிலா, உடம்பு சரியில்லையா, மறுத்தார்களா என்று எக்ஸுக்குள்ளேயே வகை பிரிப்பார்கள். மறுநாள் போகும் குழுவுக்கு எந்த வீட்டுக்கு எந்த ஆளை அனுப்புவது என்பது அதிலிருந்து தெரியும். பூட்டிய வீட்டுக்கு மாலையில் போனால் போதும், மறுத்த வீட்டுக்கு வேறு ஆள் போகவேண்டும். நாட்டின் கடைசிக் காட்டு வகைப் போலியோ 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச் 27-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அதற்குப் பின்னால் இப்படி எக்ஸ் வீடுகளை பி ஆக்கிக்கொண்டே போன வருடங்கள் இருக்கின்றன.

உங்கள் பட்டியலில் ஒவ்வொரு குழந்தைக்கு நேராகவும் காரணத்தை வீட்டார் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "ஊசி போட்டா காய்ச்சல் வரும், நான் வேலைக்குப் போகணும்" என்று ஒரு தாய் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். "விழிப்புணர்வு இல்லை" என்று மாற்றி எழுதினால், தீர்வாக ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடிக்கத் தோன்றும். அந்தத் தாய்க்கு விழிப்புணர்வு போதுமான அளவு இருக்கிறது. இல்லாதது ஒரு நாள் கூலி.

ஒரு வாரம் இப்படி எழுதிய பிறகு பட்டியலைப் படித்தால் காரணங்கள் தானாகக் குவியல் குவியலாகப் பிரியும். நேரம், தூரம், மொழி, போன முறை நடந்த ஏதோ ஒன்று, "பிள்ளைக்குச் சளி இருந்துச்சு, அப்புறம் வரச் சொன்னாங்க". இந்தக் கடைசிக் காரணம் நம்மால் வருவது. லேசான சளி, இருமல், சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவற்றுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. திருப்பி அனுப்பப்பட்ட தாய் இன்னொரு முறை வருவாள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மூன்றாம் படி: நாளையும் நேரத்தையும் அவர்களிடம் கேட்டு வையுங்கள்

நம் ஊரில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி. அந்தப் பழக்கம் நல்லது, பெரும்பாலானோருக்குப் போதுமானது. போதாதவர்களுக்குத்தான் இந்தப் படி.

2021-ல் கோவிட் ஊசிக்கான மெகா முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அதை யார் விடுவார்கள்? அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அப்படி எதுவும் தடை இல்லை என்று விளக்குவதையும் நிறுத்தவில்லை, முகாமையும் நகர்த்தினார்கள். எனக்குப் பிடித்த முடிவுகளில் அது ஒன்று. விவாதத்தில் ஜெயித்துவிட்டுத்தான் ஊசி போடுவேன் என்று அடம்பிடிக்கவில்லை.

செங்கல் சூளைகளில் சீசன் மழைக்காலம் முடிந்து டிசம்பர், ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை போகும். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வந்து இறங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகளை எண்ணிவிடுங்கள். ஏப்ரலில் எண்ணத் தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு ஊசிதான் போட முடியும், மூன்றாவது ஊசிக்குள் அவர்கள் ரயில் ஏறிவிடுவார்கள். வாரச் செலவுக்கான பணமான வாரப்படி கொடுக்கும் நாள் எது என்று கேளுங்கள். அன்று எல்லாரும் இருப்பார்கள். படி வாங்கியதும் சந்தைக்குப் போய்விடுவார்கள், ஆகவே அதற்கு முன்பு.

கட்டட வேலைக்காரர்களுக்கு ஞாயிறு. மலைக் கிராமங்களுக்குச் சந்தை நாளில் போகாதீர்கள், வீட்டில் ஆள் இருக்காது. சந்தைக்கே போய் உட்காரலாம், ஆனால் கைக்குழந்தையைச் சந்தைக்குத் தூக்கி வருகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள். "அவர் கடல்ல இருக்காரு, வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்ற பதில் அப்போது எழாது. பாசிமணி விற்பவர்கள் திருவிழாக் கணக்கில் நகர்பவர்கள். எந்தத் திருவிழாவுக்குப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அம்மை கண்ட வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மணல்வாரி (தட்டம்மை) போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் ஊசிப் பெட்டியோடு நுழையாதீர்கள். அம்மன் வந்திருக்கும்போது ஊசி கூடாது என்பது அவர்கள் வைராக்கியம். வாசலில் நின்று பேசுங்கள், குழந்தை எப்படி இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று கேளுங்கள். சிரமம் தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தகவலை மருத்துவ அலுவலருக்கு அன்றே சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளின் குழந்தைகளுக்கு ஊசி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் அந்த வீட்டுக்கு மறுபடி வாருங்கள்.

நான்காம் படி: யாரோடு உள்ளே போவது

இதில் ஒரு வசதியான தவறு இருக்கிறது. சூளையில் முதலாளியிடம் சொன்னால் மேஸ்திரி எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிடுவார். அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் அவரிடம் முன்பணம் வாங்கியவர்கள். ஊசி முதலாளியின் உத்தரவாகிவிட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வரும் ராத்திரியில் அந்தத் தாய் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். அடுத்த சீசனில் வேறு சூளைக்குப் போனால் குழந்தையை மறைத்து வைப்பாள். முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள், ஒரு நிழலான இடம் கேளுங்கள், ஊசி போடும் நேரத்தில் அங்கே நிற்கவேண்டாம் என்றும் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியைவிட உதவக்கூடிய ஆள் ஒருவர் எங்கும் இருப்பார். பிரசவத்துக்குக் கூப்பிடும் மூத்த பெண், தமிழும் ஒடியாவும் தெரிந்த பத்து வயதுப் பையனின் அம்மா, மளிகைக் கடைக்காரர். சூளையில் "ஊசி" என்றால் புரியாது, "டீகா" என்றால் புரியும். அந்த ஒரு சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாலே சிலர் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பக்க விளைவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவர்கள் சிரித்துவிடுவார்கள்.

மதம், சாதி என்று ஒரு வட்டத்துக்குள் சந்தேகம் இருக்கும் இடத்தில், அந்த வட்டத்துக்குள் மதிப்புள்ளவர் வரவேண்டும். உத்தரப் பிரதேசத்தில் முஸ்லிம் பகுதிகளில் சொட்டு மருந்து பற்றிச் சந்தேகம் வந்தபோது அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்து ஆகியவை உள்ளே இறங்கின. பள்ளிவாசல்களில் இமாம்கள் அறிவித்தார்கள். இங்கே நான் கவனித்தது, பிரச்சினை வந்த பிறகு ஜமாத்தைத் தேடிப் போகிறோம். அதற்குள் அவர்களுக்கும் வாட்ஸ்அப் வந்திருக்கும். முகாம் அறிவிக்கும் முன்பே போய், அவர்கள் கேட்கும் கேள்விகளைத் திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டால் மரியாதையும் இருக்கும், விடையும் இருக்கும்.

ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் நம் மாநிலத்தில் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான். சமவெளியில் அந்த இடத்தை அங்கன்வாடிப் பணியாளரும் சுய உதவிக் குழுப் பெண்களும்தான் நிரப்புகிறார்கள். அவர்களை "ஆள் கூட்டி வாங்க" என்று கடைசி நாளில் சொல்லாமல், இரண்டாம் படியில் பட்டியல் எழுதும்போதே கூட உட்கார வையுங்கள்.

ஐந்தாம் படி: வாசலில் பேசுவது

ஒரு வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மருமகள் கட்டட வேலை. மாமியார்தான் பேசினார்.

"அதெல்லாம் வேணாம் நர்ஸம்மா. பெரியவனுக்குப் போட்டு மூணு நாளு காய்ச்சல். கால் கல்லு மாதிரி வீங்கிடுச்சு. ராத்திரி பூரா தூக்கி வெச்சிருந்தது நான்தான்."

வழக்கமாக இந்த இடத்தில் நாம் சொல்வது, "போடலைன்னா நோய் வரும் பாட்டி." அவருக்குத் தெரியாததா? அன்று வந்த செவிலியர் அதைச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார்.

"மூணு நாளா? ஐயோ. மருந்து ஏதும் குடுத்து அனுப்பலையா?"

"ஒரு மாத்திரை குடுத்தாங்க. எவ்வளவு குடுக்கணும்னு யாரு சொன்னா?"

"அது எங்க தப்பு பாட்டி. உங்க மருமகளுக்கு எப்ப லீவு?"

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்."

"அப்ப சனிக்கிழமை சாயங்காலம் நான் வரேன். காய்ச்சல் வந்தா அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும்தான். ஞாயித்துக்கிழமை அவ வீட்டுல இருப்பா, நீங்க தனியா தூக்க வேணாம். எவ்வளவு மருந்துன்னு பாட்டில்லயே கோடு போட்டுத் தரேன். மறுநாள் காலைல நானே போன் பண்றேன்."

பாட்டி உடனே சரி என்று சொல்லவில்லை. "வந்து பாரு" என்றார். சனிக்கிழமை குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து வைத்திருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, செவிலியர் ஒரு தவறை ஒத்துக்கொண்டார், ஒரு வாக்குறுதி கொடுத்தார். போன் பண்ணுகிறேன் என்றால் பண்ணியாக வேண்டும். பண்ண முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

ஊசி போட்டபின் தாயிடம் நான்கு விஷயம் சொல்லவேண்டும் என்பது பயிற்சியிலேயே வரும்: என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன பக்க விளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வரவேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை எடுத்து வரவேண்டும். பக்க விளைவில் ஒரு நுணுக்கம். பென்டாவேலன்ட் காய்ச்சல் ஓரிரு நாளில் வந்து போய்விடும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் காய்ச்சலோ லேசான தடிப்போ ஒரு வாரம் கழித்து வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "ஊசி போட்டும் அம்மை வந்துடுச்சு" என்ற பேச்சு தெருவில் ஓடும். சொல்லி வைத்திருந்தால் அதே காய்ச்சல், "நர்ஸு சொன்ன மாதிரியே வந்துச்சு" என்று ஆகும். வீங்கிய இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். எண்ணெய், மஞ்சள், சூடான ஒத்தடம் எதுவும் வேண்டாம்.

இனி வதந்தி. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் தொடங்கியபோது 9 மாதம் முதல் 15 வயது வரை, தமிழ்நாட்டில் சுமார் 1.76 கோடிக் குழந்தைகளுக்குப் போடவேண்டும் என்பது இலக்கு. வாட்ஸ்அப் குரல் பதிவுகள் நம்மை முந்திவிட்டன. ஊசி போடும் நாளில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடியவேண்டிய வேலை மார்ச்சுக்கும் நீண்டது. எனக்கு அதில் பட்டது, பெற்றோரிடம் முதலில் போனது கையெழுத்துக் கேட்கும் ஒரு தாள்தான், ஆள் போகவில்லை என்பது. பிள்ளை பையில் வந்த தாளைப் படித்துப் பயந்தவருக்குப் பதில் சொல்ல வாட்ஸ்அப்தான் இருந்தது. பள்ளிகளில் போடும் ஊசி என்றால், இரண்டு வாரம் முன்பே பெற்றோர் கூட்டம் ஒன்று நடத்துங்கள். தலைமை ஆசிரியர் பேசுவதைவிட, தன் குழந்தைக்கும் அதே ஊசியைப் போடப்போகும் வகுப்பாசிரியர் பேசினால் எடுபடும்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கோவிட் ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஆய்வுக் குழு ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னது, ஆனால் அந்த முடிவு வெளிவர மாதக்கணக்கானது. இப்படி ஒரு நேரத்தில் வாசலில் நிற்பவர் என்ன பேசுவது? "அதெல்லாம் புரளி" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடியும். இறந்தது உண்மை, வருத்தமும் உண்மை. அதை முதலில் பகிர்ந்துகொண்டு, நடந்தது எந்த வரிசையில் நடந்தது, மருத்துவர்கள் என்ன சொன்னார்கள், இவருக்கு இருக்கும் உடல்நிலை என்ன என்று போகவேண்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால், "டாக்டர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, நாளைக்குச் சொல்லுங்கள். ஊரில் இல்லாத வதந்தியை மைக்கில் மறுத்து ஊருக்குள் கொண்டுவராதீர்கள். இதுவும் நடந்திருக்கிறது.

பரிசுகள்? கோவளம் மீனவர் பகுதியில் 2021-ல் ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணி, ரீசார்ஜ், குலுக்கலில் தங்கக் காசு என்று தன்னார்வலர்கள் வைத்தார்கள், கூட்டமும் வந்தது. பெரியவர்களுக்கு ஓரிரு முறை போடும் ஊசிக்கு அது சரி. பச்சைக் குழந்தைக்கு ஆறு, பத்து, பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது என்று தொடர்ந்து வரவேண்டிய இடத்தில் எத்தனை பிரியாணி போடுவது?

ஆறாம் படி: அன்றைய நாள்

குளிர்பெட்டி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயிற்சியில் விரிவாகவே வரும். ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு கேரியரில் அடுக்காதீர்கள். வெளியே வைத்து மேலே வியர்க்கட்டும். காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்போதுதான் வைக்கலாம். பென்டாவேலன்ட் போன்றவை உறைந்தால் கெட்டுவிடும். குப்பியின் மேல், வெப்பம் பட்டால் நிறம் மாறும் குறியில், வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா குப்பியைக் கரைத்தால் 4 மணி நேரம்தான், கரைத்த நேரத்தை லேபிளில் எழுதுங்கள், மீதியை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

"ஒரே ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்கவா?" என்ற கேள்வி ஒவ்வொரு சூளையிலும் வரும். உடையுங்கள். வீணாகும் மருந்துக்கு யாராவது கணக்குக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். "இன்னும் நாலு பேரு சேரட்டும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிய தாய் திரும்பி வரவில்லை என்றால் அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

ஊசியைத் தாயின் கண் முன்னே உறையிலிருந்து பிரியுங்கள். ஒரு முறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஊசி என்பதை முதல் ஆளுக்குக் காட்டினால் வரிசை முழுக்கச் செய்தி போய்விடும். போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம், உட்கார நிழல் இருக்கிறதா? தண்ணீர்? சூளையில் தார்ப்பாய் ஒன்று கட்டி, குடம் ஒன்று வைத்தால் அந்த அரை மணி நேரம் சண்டையில்லாமல் போகும். அதே நேரத்தில் அட்டையை நிரப்பலாம், கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கலாம். அவசர மருந்துப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 108 வண்டி அந்த மண் பாதையில் எதுவரை வரும் என்பதை வரும் வழியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மறுநாளும், ஏதாவது தவறாகிவிட்டால்

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களில் போட்டுவந்த ஊசியை மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, நியாயம் புரிகிறது. ஆனால் பஸ் இல்லாத ஊர்க்காரிக்கு அது ஒரு நாள் கூலியும் போய்வரச் செலவும். மேலே சொன்ன 69.7 சதவீதப் பள்ளத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஊசியைத் தூரத்துக்குத் தள்ளினால் முதலில் விடுபடுவது யார் என்பது மட்டும் தெரிந்ததுதான்.

தவறு நடந்தால் மூடி மறைக்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கூடப் போங்கள், மருத்துவ அலுவலரிடம் உடனே தெரிவியுங்கள், அன்று பயன்படுத்திய குப்பிகளைத் தனியே பத்திரப்படுத்துங்கள். விசாரணை முடியும்வரை ஊருக்குள் போகவேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். என் கருத்தில் அன்றுதான் போகவேண்டும், ஊசி இல்லாமல், மருத்துவரோடு.

சாதாரண நாட்களில் மறுநாள் காலை ஒரு போன் போதும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுகிறதா, வலிப்பு வந்ததா, பால் குடிக்கிறதா என்று கேட்டுவிடலாம். தாய்க்கு 104 எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: ஊர் விட்டுப் போகும் குழந்தை

அட்டை நனையும், கிழியும், தொலையும். மழைக்குடிசையில் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். தாயின் போனில், இல்லாவிட்டால் அப்பாவின் போனில், அட்டையைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தடுப்பூசிக் கணக்கை நாடு முழுக்க இணையத்தில் வைக்கும் யு-வின் தளத்தில் பதிவு செய்துவிட்டால் எந்த மாநிலத்திலும் பார்க்கலாம், ஆனால் போன் எண் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்குப் படம்தான் கைகொடுக்கிறது. அடுத்த தேதியை அவர்கள் கணக்கில் சொல்லுங்கள். "மே 14" என்பதைவிட "ஊருக்குக் கிளம்பும் முன்னாடி வாரம்" நினைவில் நிற்கும்.

இடையில் எத்தனை மாதம் விட்டிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். இதை உரக்கச் சொல்லுங்கள். "திட்டுவாங்க" என்ற பயத்திலேயே வராமல் இருப்பவர்கள் பலர். தட்டம்மை-ரூபெல்லாவை 5 வயது வரை போடலாம், எனவே நான்கு வயதுப் பிள்ளையைத் தாமதமாகக் கூட்டி வந்தாலும் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒன்பதாம் படி: கணக்கை முடிக்கும் முன்

முகாம் முடிந்த மூன்றாம் நாள், ஊசி போடாத ஒருவரை அனுப்பி, அதாவது அந்தக் குழுவில் இல்லாத ஒருவரை, பட்டியலைக் கையில் கொடுக்காமல் இருபது வீட்டுக்கு நடக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் எத்தனை குழந்தைகள், எத்தனை பேரிடம் அட்டை, என்னென்ன விடுபட்டிருக்கிறது. அவர் கொண்டுவரும் எண்ணும் உங்கள் டேலி ஷீட்டும் எங்கே பிரிகிறதோ அங்கே மறுபடி போங்கள்.

அந்தச் சூளையில் மறுத்த ஒரு வீட்டைச் சொன்னேன் இல்லையா? நான்கு முறை போனோம். மூன்றாம் முறைதான் காரணம் வந்தது: மூத்த குழந்தை ஊரில் ஊசி போட்ட மாதமே இறந்திருக்கிறது. எதனால் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான்காம் முறை மருத்துவர் வந்து தரையில் உட்கார்ந்து, மேஸ்திரியின் மனைவி மொழிபெயர்க்க, அந்தக் குழந்தையைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார். ஊசிப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த வாரம் அந்தத் தாய் குழந்தையோடு தார்ப்பாய்க்கு வெளியே வந்து நின்றாள். அன்று போட்டுக்கொள்ளவில்லை. அதற்கடுத்த வாரம் போட்டுக்கொண்டாள். அடுத்த தேதி ஜூன் முதல் வாரம் என்று எழுதிக் கொடுத்தோம், ஆனால் அவர்கள் மே 28-க்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். செவிலியர் இரண்டு ஊசிக்கு நடுவே நான்கு வாரம் ஆகிறதா என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். ஆகியிருந்தது. 27-ஆம் தேதி மாலைக்கு மாற்றி எழுதினார்.